எட்டுப் போர்ட் காணும், கமராவுக்கு வேறு பெட்டி: டிபி-லிங்க் எஸ்ஜி108இ பாவித்த கதை

முழுவதையும் வாசிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் ஓடும் வயர்களுக்கு டிபி-லிங்க் டிஎல்-எஸ்ஜி108இ என்ற எட்டுப் போர்ட் சுவிட்ச், அதாவது ரவுட்டரில் இருந்து வரும் ஒரு நெட் வயரைப் பலதாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. வெளியே மதிலிலும் கேற்றடியிலும் நிற்கும் கமராக்களுக்கு வேறாக ஒரு சின்னப் பிஓஇ சுவிட்ச், அது நெட் வயரிலேயே கரண்டும் அனுப்பும் வகை. இரண்டையும் ஒரே பெட்டியில் முடிக்கலாம் என்று கடையில் சொல்வார்கள். முடிக்கலாம்தான், ஆனால் எங்களுடைய இடிக்கும் மின்னலுக்கும் கரண்ட் வெட்டுக்கும் அது சரிவராது.

எங்களுடையது கொக்குவிலில் ஒரு பழைய வீடு. கீழ்த்தளம் அந்தக் காலத்துத் தடித்த சுண்ணாம்புக்கல் சுவர், வைஃபை ஒரு சுவரைத் தாண்டும்போதே பாதி உயிர் போய்விடும், இரண்டாவது சுவரைத் தாண்டினால் போனில் ஒரு கோடுதான் மிஞ்சும். மேல்மாடி பிறகு கட்டியது, அங்கே இரண்டு அறைகளைப் பல்கலைக்கழகப் பெடியளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஃபைபர் வந்து இறங்குவது முன்விறாந்தையில். அது வந்து சேரும் பெட்டிதான் ஓஎன்டி, எங்களுக்கு ரவுட்டரும் அதுவே. அதன் பின்னால் நாலே நாலு ஓட்டை. டிவிப் பெட்டிக்கு ஒன்று, என் கொம்பியூட்டருக்கு ஒன்று, மாடியில் வைஃபை விடும் அக்சஸ் பொயிண்டுக்கு ஒன்று, கமராப் பதிவு செய்யும் என்விஆருக்கு ஒன்று, அவ்வளவோடு கதை முடிந்தது. பிரிண்டர் வந்தது, மருமகனுக்கு ஒன்லைன் ரியூசனுக்கென்று இன்னொரு வயர் கேட்டார்கள், கனடாவில் இருக்கும் அண்ணா கேற்றடிக் கமரா ஒன்று காணாது, பின்வளவுக்கும் கிணற்றடிக்கும் போடு என்று நாளுக்கு நாள் போன் எடுத்தார். யாழ்ப்பாணத்தில் இப்போது பாதி வீடுகளில் கமராவை வீட்டில் இருப்பவர்களை விட வெளிநாட்டில் இருப்பவர்கள்தான் அதிகம் பார்க்கிறார்கள், அது வேறு விசயம்.

ஆக சுவிட்ச் ஒன்று தேவை. ஸ்ரான்லி வீதி, கஸ்தூரியார் வீதிப் பக்கம் நான் ஏறிய ஒரு கடையில், கிகாபிட் சுவிட்ச் (விநாடிக்கு 1000 மெகாபிட்) என்று வடிவாகச் சொல்லிக் கேட்டும், "அண்ணை, வீட்டுக்கு இது காணும்" என்று அந்தத் தம்பி எடுத்து வைத்தது ஐந்து போர்ட் 10/100 பெட்டி, அதாவது உச்சமே 100 மெகாபிட். பெட்டியின் முன்பக்கத்தில் வேகம் பெரிதாக எழுதியிருக்காது, மொடல் இலக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். டிபி-லிங்க்கில் எஸ்எஃப் என்று வந்தால் 100 மெகாபிட், எஸ்ஜி என்று வந்தால் கிகாபிட். மலிவு பிளாஸ்டிக் வரிசையான எல்எஸ்ஸில், எல்எஸ்1008 என்றால் 100, கடைசியில் ஒரு ஜி ஒட்டி எல்எஸ்1008ஜி என்றால்தான் கிகாபிட். இந்த ஒரு எழுத்தைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் பாதி வேலை முடிந்தது.

ஐந்து போர்ட் எடுக்க வேண்டாம். ரவுட்டருக்குப் போகும் வயர் ஒன்றைப் பிடித்துவிடும், மிச்சம் நாலு, அதுவும் வாங்கிய அன்றே நிரம்பிவிடும். பிறகு அதிலிருந்து இன்னொரு ஐந்து போர்ட் கொழுவுவீர்கள், அதற்கும் ஒன்று, இதற்கும் ஒன்று என்று இரண்டு ஓட்டை வீணாகும், இரண்டு அடாப்டருக்கு இரண்டு பிளக் தேட வேண்டும். ஐந்துக்கும் எட்டுக்கும் விலையில் உள்ள வித்தியாசம் அப்படிப் பெரிதில்லை. விலையை இங்கே எழுதவில்லை, டொலர் அசைந்தால் அதுவும் அசையும், 2024 ஜனவரியில் வற் 18 வீதமானதற்குப் பிறகு பழைய ஆட்கள் சொல்லும் விலையும் உதவாது. 16 போர்ட் வேண்டுமா என்றால், புது வீடு கட்டும்போது ஒவ்வொரு அறைக்கும் இரண்டு வயர் இழுத்தவர்களுக்கு வேண்டும். மற்றவர்களுக்கு எட்டு.

எட்டிலும் இரண்டு இருக்கிறது. எஸ்ஜி108 சும்மா சுவிட்ச், குத்தினால் வேலை செய்யும், உள்ளே போய் மாற்ற ஒன்றுமில்லை. எஸ்ஜி108இ அதே அளவு இரும்புப் பெட்டி, விசிறி இல்லை, சத்தம் இல்லை, ஆனால் பிரவுசரில் உள்ளே போகலாம். முகவரி 192.168.0.1, அங்கே திறக்காவிட்டால் அது உங்கள் ரவுட்டரிடம் வேறு முகவரி வாங்கியிருக்கும், ரவுட்டரின் பட்டியலில் தேடுங்கள். கொஞ்சம் கூடக் கொடுத்து இதை எடுத்ததற்கு எனக்கு மூன்று காரணம் இருந்தது, அதில் ஒன்று வாங்கும்போது நான் யோசிக்காதது.

அந்த யோசிக்காததைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் அதிகம் உழைத்தது. உள்ளே மொனிட்டரிங் என்ற பகுதியில் கேபிள் டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. கிகாபிட்டுக்கு வயரில் உள்ள நாலு சோடியும், அதாவது எட்டுக் கம்பியும், ஒழுங்காக இருக்க வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடி காணும், 1, 2, 3, 6 ஆகிய கம்பிகள். அதனால் மற்ற நாலில் ஒரு கம்பி எங்காவது அறுந்தாலும் இணைப்பு அறாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும், ஒருவருக்கும் தெரியாது, "நெட் கொஞ்சம் ஸ்லோ" என்று மட்டும் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் மாடி வயர் அப்படித்தான் இருந்தது. மற்றப் போர்ட்டெல்லாம் 1000 காட்ட அது மட்டும் 100 காட்டியது. டெஸ்டை அழுத்தினால் எந்தப் போர்ட், வயர் திறந்து கிடக்கிறதா முட்டுப்பட்டு நிற்கிறதா, எத்தனை மீற்றர் தூரத்தில் என்று காட்டும். தூரம் கிட்டத்தட்ட மாடிப்படி முடியும் இடம். போய்ப் பார்த்தால் அங்கே கதவு நிலையில் வயரை ஆணிக் கிளிப்பால் அறைந்திருந்தார்கள், ஆணி உறைக்குள்ளேயே இறங்கியிருந்தது. அந்தத் துண்டை மாற்றியதும் 1000. அளவு துல்லியம் என்று சொல்லமாட்டேன், வயர்க்காரர்கள் வைத்திருக்கும் கருவிக்கு இது ஈடில்லை, ஆனால் எந்தச் சுவரை உடைப்பது என்று தெரிந்துகொள்ள இது தாராளம்.

இரண்டாவது காரணம் மாடிப் பெடியள். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் அவர்களுடைய லப்டொப்பில் என்ன வைரஸ் குடியிருக்கிறதென்று அவர்களுக்கே தெரியாது. அவர்கள் இருக்கும் வயரில் இருந்து எங்கள் கமராவோ என் கொம்பியூட்டரோ தெரியக்கூடாது. விஎல்ஏஎன் போடலாம், அதாவது ஒரே சுவிட்ச்சை ஒன்றையொன்று பாராத பகுதிகளாகப் பிரிக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் 802.1கியூ என்ற தரத்தில் விஎல்ஏஎன் முறையாகப் போட வேண்டுமென்றால் ரவுட்டருக்கும் அது விளங்க வேண்டும், இணையம் தருபவர்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போகும் பெட்டியில் அதைச் செய்ய உங்களை விடமாட்டார்கள். எஸ்ஜி108இயில் எம்டியூ விஎல்ஏஎன் என்று ஒரு எளிய வழி இருக்கிறது. ரவுட்டருக்குப் போகும் போர்ட்டை அப்லிங்க் என்று தெரிவு செய்தால் போதும், மற்ற ஏழு போர்ட்டும் அந்த ஒன்றோடு மட்டும்தான் கதைக்கும், தங்களுக்குள் கதைக்காது. ரவுட்டரில் ஒன்றும் தொடத் தேவையில்லை, எல்லோருக்கும் இணையம் வழக்கம்போல வரும்.

இதில் ஒரு சிக்கல். ஏழும் ஒன்றையொன்று பாராது என்றால் பிரிண்டரும் பாராது. என் கொம்பியூட்டர் 3ஆம் போர்ட்டிலும் பிரிண்டர் 4ஆம் போர்ட்டிலும் இருந்தால் அச்சடிக்க முடியாது. பிரிண்டரை சுவிட்ச்சில் இருந்து எடுத்து ஓஎன்டியின் வைஃபையில் விட்டால் வேலை முடிந்தது, அது அப்லிங்க் பக்கம் நிற்பதால் எல்லோருக்கும் தெரியும். மாடிப் பெடியளுக்கும் தெரியும், சில நாட்களில் அசைன்மென்ட் தாள்கள் எங்கள் விறாந்தையில் கிடக்கும், அதைப் பெரிதாக எடுப்பதில்லை. அதே காரணத்தால் எங்கள் போன்கள் ஓஎன்டியின் வைஃபையில் இருந்து கமராவைப் பார்க்கலாம்.

மூன்றாவது டிவி. பியோ டிவி மாதிரி நெட் வயரில் வரும் ஐபிடிவி மல்டிகாஸ்டில், அதாவது ஒரே ஓட்டத்தைப் பலருக்கும் சேர்த்து அனுப்பும் முறையில் வருவது, ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்ற வசதி இல்லாத சுவிட்ச்சின் ஊடாகப் போனால் அந்த ஓட்டத்தை அது எல்லாப் போர்ட்டிலும் ஊற்றும், அதில் ஒரு போர்ட்டில் அக்சஸ் பொயிண்ட் இருந்தால் வைஃபை திணறும். அந்த வசதி இருந்தால் கேட்ட போர்ட்டுக்கு மட்டும் விடும். 108இயில் அது இருக்கிறது. ஆனால் முடிந்தால் டிவிப் பெட்டியை ஓஎன்டியில் அதற்கென்று விட்ட ஓட்டையிலேயே நேராகக் குத்துங்கள், அந்தத் தலையிடியே வேண்டாம். நான் அப்படித்தான் விட்டிருக்கிறேன்.

குறையும் சொல்ல வேண்டும். உள்ளே போகும் பக்கம் வெறும் எச்டிடிபி, போவதைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ் கிடையாது. நிர்வாகப் பக்கத்தை ஒரு விஎல்ஏஎன்னுக்கு மட்டும் பூட்டி வைக்க முடியாது என்பது இந்த வரிசையைப் பற்றிப் பலகாலமாக எல்லோரும் சொல்லும் குறை. ஆரம்பப் பாஸ்வேர்ட் அட்மின் அட்மின் என்றே விட்டுவிட்டால் மாடியில் கொம்பியூட்டர் படிக்கும் பிள்ளை ஒரு மாலையில் உள்ளே வந்துவிடுவான். முதல் வேலையாக மாற்றுங்கள். மாடி இல்லை, வாடகைக்கு ஆட்கள் இல்லை, வயரெல்லாம் புதிது என்றால் இ இல்லாத எஸ்ஜி108ஐ எடுங்கள், மிச்சக் காசுக்கு நல்ல வயர் வாங்குங்கள். நெட்கியரில் ஜிஎஸ்308உம் ஜிஎஸ்308இயும் இதே சோடிதான், கடையில் எது இருக்கிறதோ, எதற்கு உத்தரவாதத்தை ஒழுங்காக எழுதித் தருகிறார்களோ அதை எடுக்கலாம்.

இனிக் கமரா. பிஓஇ என்றால் நெட் வயரிலேயே கரண்டும் போகும், கமராவடியில் பிளக் தேவையில்லை. 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட் 15.4 வோட் வரை விடும், ஏடி தரத்தில் 30. சாதாரணக் கமராவுக்கு ஏஎஃப் தாராளம். ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் மொத்த வோட்டைப் பாருங்கள், நாலு போர்ட் இருப்பதால் நாலுக்கும் உச்சம் கிடைக்கும் என்றில்லை. இருட்டியதும் கமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும், அப்போதுதான் அது முழுதாகக் குடிக்கும். பகல் முழுக்க ஒழுங்காக நின்ற கமரா பொழுதுபட்டதும் அணைந்து அணைந்து எரிந்தால் கமராவைக் கழற்றிக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள், வயரைப் பாருங்கள். மலிவு வயரில் உள்ளே இருப்பது செம்பு பூசிய அலுமினியம், தடை செம்பை விட ஒன்றரை மடங்குக்கு மேல், நீட்டு ஓட்டத்தில் வோல்டேஜ் விழுந்துவிடும். கம்பி நுனியை பிளேட்டால் சுரண்டினால் தெரியும், உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். வயர்ப் பெட்டியைத் தூக்கினாலே கனம் சொல்லும். வயர் வகை கேட்5இ, முழுச் செம்பு, இது இரண்டிலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். கேட்6 வீட்டுக்கு அவசியமில்லை.

கமராச் சுவிட்ச் கிகாபிட்டாக இருக்கத் தேவையும் இல்லை. ஒரு 4 மெகாபிக்சல் கமரா விநாடிக்கு 4 முதல் 8 மெகாபிட் அனுப்பும், எட்டுக் கமரா போட்டாலும் 64ஐத் தாண்டாது, 100 மெகாபிட் பெட்டிக்குள் அடங்கிவிடும். என்விஆரையும் அதே சுவிட்ச்சில் குத்திவிட்டால் அந்த ஓட்டம் வீட்டுப் பக்கம் வரவே வராது. டிபி-லிங்க் எஸ்எஃப்1005பி நாலு பிஓஇ போர்ட் உள்ள மலிவான பெட்டி, கடைத்தம்பி எனக்கு முதலில் தள்ளிவிடப் பார்த்த அதே எஸ்எஃப் வரிசைதான், இந்த இடத்துக்குச் சரி. அதில் எக்ஸ்டெண்ட் என்று ஒரு விசை இருக்கிறது, வேகத்தை 10 மெகாபிட்டுக்கு இறக்கி 250 மீற்றர் வரை கொண்டுபோகும். நீட்டு ஒழுங்கையும் பெரிய வளவும் உள்ள வீடுகளில், வழக்கமான 100 மீற்றர் எல்லை போதாத இடத்தில், அது பெரிய உதவி. பெயர் இல்லாத மலிவுப் பிஓஇ பெட்டிகளில் சில, எதிரே இருப்பது என்னவென்று கேளாமலே 48 வோல்டைத் தள்ளும், தெரியாமல் லப்டொப்பைக் குத்தினால் போச்சு. பெட்டியில் ஏஎஃப் என்றோ ஏடி என்றோ எழுதியிருக்க வேண்டும்.

இப்போது ஏன் ஒரே பெட்டியில் முடிக்கக்கூடாது என்பதற்கு வருகிறேன். போன் வயரில் நெட் வந்த ஏடிஎஸ்எல் காலத்தில் ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருண்டால் அம்மா முதலில் ஓடிப்போய் போன் வயரைத்தான் கழற்றுவா. ஃபைபர் வந்ததும் அந்த வழி அடைபட்டது, கண்ணாடி இழையில் மின்னல் வராது. ஆனால் நாங்கள் கேற்றடிக்கும் கிணற்றடிக்கும் செம்புக் கம்பி இழுத்துப் புது வழி திறந்துவிட்டோம். பக்கத்தில் இடி விழுந்தால் முதலில் போவது அந்த வயர் வந்து சேரும் சுவிட்ச். அது எட்டுப் போர்ட் பெரிய பிஓஇ பெட்டியாக இருந்தால் கமராவோடு முழு வீட்டு நெட்டும் படுத்துவிடும். சின்னப் பெட்டி என்றால் சின்னப் பெட்டியோடு போக வாய்ப்புண்டு. உண்டு என்றுதான் சொல்கிறேன், இரண்டுக்கும் நடுவில் செம்பு வயர் இருக்கும்வரை உறுதி இல்லை. உறுதி வேண்டுமென்றால் செம்பு வயரை ஃபைபராக மாற்றிக் கொடுக்கும் மீடியா கொன்வேர்ட்டர் இரண்டு வாங்கி நடுவில் ஒரு துண்டு ஃபைபர் போடுங்கள், மின்னலுக்கு அதைத் தாண்ட வழியில்லை.

மற்றது கரண்ட். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டியதையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு முழு நாட்டையும் இருட்டில் வைத்ததையும் மறந்திருக்கமாட்டீர்கள். 108இ குடிப்பது 5 வோட் அளவு. ஓஎன்டியோடு சேர்த்து ஒரு மினி டிசி யூபிஎஸ் சில மணித்தியாலம் தாங்கும். ஆனால் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்டேஜைப் பார்த்துவிட்டுக் குத்துங்கள், மினி யூபிஎஸ்ஸில் 5, 9, 12 என்று ஓட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பிளக்கின் அளவு ஒன்றாக இருப்பதால் எதிலும் போகும். பிஓஇ சுவிட்ச்சுக்கு இந்த மினி யூபிஎஸ் உதவாது, அதற்கு 50 வோல்ட் அளவு வேண்டும். கரண்ட் நின்ற நேரம் பார்த்துத்தான் கள்ளன் வருவான் என்று அம்மா சொல்லுவா, அது நியாயம், அதனால் என்விஆரையும் பிஓஇ சுவிட்ச்சையும் கொம்பியூட்டருக்கு வைக்கும் 650 விஏ யூபிஎஸ்ஸில் விட்டிருக்கிறேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கொழும்பில் கொம்பியூட்டர்க் கடைகள் உள்ள யூனிட்டி பிளாசாப் பக்கம் போய்வரும் ஆட்கள் பழைய சிஸ்கோ 2960 சுவிட்ச் மலிவாக இருக்கிறது, 24 போர்ட், எடு என்பார்கள். அதில் 2960-24டிடி என்ற மொடலில் 24உம் 100 மெகாபிட், கிகாபிட் இரண்டே இரண்டுதான். விசிறிச் சத்தம் படுக்கையறை வரை கேட்கும். 30 வோட் என்று வைத்தால் மாதம் 21 யூனிட்டுக்கு மேல், எங்கள் மின்கட்டணத்தில் அது உங்களை அடுத்த படிக்குத் தூக்கிவிடக்கூடும், பிறகு மலிவு எங்கே?

2.5 கிகாபிட் எஸ்ஜி108-எம்2 வகை, வீட்டில் கலியாண வீடியோ எடிட் செய்பவர்களுக்கு மட்டும். 100 ஜிபி வீடியோவை நாஸுக்கு (நெட்டில் கொழுவிய சேமிப்புப் பெட்டி) ஏற்ற 100 மெகாபிட்டில் இரண்டரை மணித்தியாலம், கிகாபிட்டில் கால் மணித்தியாலம். 2.5இல் அதுவும் பாதிக்குக் கீழே வரும், ஆனால் நாஸில் ஒற்றை ஹார்ட் டிஸ்க் இருந்தால் அந்த டிஸ்க்கே பின்னுக்கு இழுக்கும்.

வைக்கும் இடம்: ஓஎன்டிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், சூட்டுக்குப் பல்லி வரும், பக்கத்துத் துவாரத்துக்குள் முட்டையிடும், எறும்பும் வரும். சுவரில் இரண்டு ஆணியில் தொங்கவிட்டால் கீழே துடைக்கவும் இலகு. பழைய வட்டப்பின் பிளக் உள்ள வீடென்றால் மூன்று அடாப்டரை ஒரு மல்டி பிளக்கில் ஆடிக்கொண்டிருக்க விடாமல் ஒரு சதுரப்பின் 13 அம்பியர் பிளக் அடித்துவிடுங்கள். ஒரே வயரின் இரண்டு நுனியையும் யாராவது ஒரே சுவிட்ச்சில் குத்தினால் சும்மா சுவிட்ச்சில் முழு நெட்டும் நின்றுவிடும், 108இயில் லூப் பிரிவென்ஷன் இருக்கிறது, போட்டு வையுங்கள்.

கடையில் உத்தரவாதம் கம்பனியுடையதா கடையுடையதா, எத்தனை வருடம், அடாப்டருக்கும் சேர்த்தா என்று கேட்டு பில்லிலேயே எழுதுவியுங்கள். முதலில் பழுதாவது பெரும்பாலும் அடாப்டர்தான். பில் வெப்பத்தாளில் அச்சடித்ததென்றால் வீட்டுக்கு வந்ததும் போனில் படம் எடுத்து வையுங்கள், லாச்சிக்குள் கிடந்து ஒரு வருடத்தில் வெள்ளைத் தாளாகிவிடும்.